ஒன்றுக்கு வட்டமிடவும்

என்னைக் கண்டால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்பதை இருபத்தாறு வருடங்களாக என் தகுதிகளில் ஒன்றாகவே எண்ணி வந்தேன். கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் போகும்போதே சிவப்புப் பேனாவைத் திறந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிடுவேன். சேத்தூரிலிருந்து வந்து பஸ் மாறுகிற எங்கள் பள்ளிப் பிள்ளைகள், ஜன்னலில் என் தலை தெரிந்தால் படியில் வைத்த காலை எடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொள்வார்கள். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட ஒருத்தியின் தலையில்தான் மாணவியர் நல சர்வே வந்து விழுந்தது. பிள்ளைகள் பள்ளியில் சந்தோஷமாக இருக்கிறார்களா, எதற்காவது பயப்படுகிறார்களா, மனசு விட்டுப் பேச அவர்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று படிவம் கொடுத்துக் கேட்க வேண்டும். வந்த பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது என்ன சொல்கிறதோ அதன்படி பள்ளியைச் சரி செய்ய வேண்டும். தலைமையாசிரியை என்னைத் தேர்ந்தெடுத்ததற்கும் என் கனிவுக்கும் சம்பந்தமில்லை. எக்செல்லில் கட்டங்களுக்குக் கலர் அடிக்க எங்கள் பள்ளியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் பெயர் கேட்கக் கூடாது, பதிலைத் திருத்தக் கூடாது, எழுதும்போது பக்கத்தில் போய் நிற்கக் கூடாது என்றார்கள். மூன்றுமே என் தொழிலுக்கு விரோதமான காரியங்கள். ஆனாலும் பெயர் எழுதாவிட்டால் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள் என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. பெயர் எதற்கு? ஒரு பிள்ளை ஏழு போடும்போது நடுவில் கோடு கிழிப்பாளா மாட்டாளா என்பது வரை எனக்குத் தெரியும். கட்டுக்குள்ளிருந்து எந்தத் தாளை உருவிக் கொடுத்தாலும் ஆளைச் சொல்லிவிடுவேன்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் பஸ் பயணத்தில் முழுதையும் முடித்தேன். முதல் கேள்வி, பள்ளியில் ஒரு நாள் உங்களுக்கு எப்படிப் போகிறது, சொந்த வார்த்தைகளில் எழுதுக என்பது. அதற்கு இரண்டு வரி இடம் விட்டேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். கொஞ்சமும் சரியில்லை என்றால் ஒன்றுக்கு வட்டமிடவும், முழுக்கச் சரி என்றால் ஐந்துக்கு வட்டமிடவும். கடைசியில் ஒரு பெட்டி. வேறு குறை ஏதேனும் இருந்தால் எழுதவும்.

ஒரு மரியாதைக்காகத் தமிழய்யாவிடம் காட்டினேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற, யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர் அவர். படித்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல ஒன்றை வட்டமிடுகன்னு போட்டுரலாமே, டீச்சர்?"

"ஏன், ஒன்றுக்குன்னா தப்பா?"

"தப்பில்ல. நாலாம் வேற்றுமை. இருந்தாலும் ஒன்றைன்னு போட்டா நல்லாருக்கும்."

"என்ன நல்லாருக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "சும்மா, நல்லாருக்குமேன்னு சொன்னேன்."

இலக்கணப்படி தப்பில்லை என்று அவரே சொல்லிவிட்ட பிறகு எதற்கு மாற்ற வேண்டும்? கணக்கு டீச்சர் தமிழில் கை வைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டி, அப்படியே ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் எனக்கு மூன்றாவது பீரியட். காலை இன்டர்வல் முடிந்து மணி அடித்ததும் வருகிற பீரியட் அது. அந்தப் பீரியடில் எனக்கென்று ஒரு சட்டம் உண்டு. யாரும் வெளியே போகக் கூடாது. யாராவது ஒற்றை விரலைத் தூக்கினால், "இப்பத்தான இன்டர்வல் முடிஞ்சுது? அங்க போயி பாண்டி ஆடிக்கிட்டிருந்தியா?" என்பேன். விரல் தானாக இறங்கிவிடும். வருடம் ஆரம்பித்து இரண்டு வாரம் இப்படிச் சொன்னால் போதும், அதற்குப் பிறகு ஒருத்தியும் விரலைத் தூக்கமாட்டாள். கட்டுப்பாடான வகுப்பு என்று தலைமையாசிரியை என்னைப் பாராட்டியிருக்கிறார்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு விளக்க ஆரம்பித்தேன். "கேள்விய வாசிக்கிங்க. கொஞ்சங்கூட சரியில்லன்னு தோணுது. அப்ப என்ன செய்யணும்? ஒன்னுக்கு வட்டம் போடணும்."

வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்சில் ஆரம்பித்து கடைசி பெஞ்சுவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது சிரிப்பு. எனக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழய்யா கண்ணாடி துடைத்தது அப்போதுதான் புரிந்தது. புரிந்தவள் தானும் சேர்ந்து சிரித்திருக்கலாம். நான் டஸ்டரால் மேசையைத் தட்டினேன்.

"இந்தா பாருங்க. இந்தக் கிளாஸ்ல ஒன்னுக்குன்னா ஒன்னாம் நம்பர். வேற அர்த்தம் இங்க கெடையாது. தெரிஞ்சுதா?"

தெரிந்தது டீச்சர் என்றார்கள். சொன்ன சட்டத்தைப் பிள்ளைகள் மறந்தாலும் நான் மறக்கவில்லை என்பதுதான் பின்னால் வந்த கூத்துக்கெல்லாம் காரணம்.

எழுதச் சொன்னதும் இடப்பக்கம் மார்ஜின் போட்டார்கள். எத்தனை மார்க் என்று ஒருத்தி கேட்டாள். மார்க் இல்லை என்றதும், அப்ப பாஸ் மார்க் எம்புட்டு என்று இன்னொருத்தி கேட்டாள். பயிற்சியில் சொன்னபடி நான் எழுந்து நடக்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பரீட்சை நேரத்தில் நான் உட்கார்ந்து பிள்ளைகள் பார்த்ததில்லை. அதை அவர்கள் ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது பெஞ்சுகளுக்கு நடுவே போன கிசுகிசுப்பிலிருந்தே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்தக் கிசுகிசுப்புக்கு நடுவில் இருந்தது மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். அங்கே உட்காருகிற பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்திராயிருப்பு தாண்டி, பிளவக்கல் போகிற வழியில் ஒரு சின்ன ஊரிலிருந்து வருகிறவள். வெளிச்சம் வருகிறபோது கிளம்பினால்தான் இரண்டு பஸ் மாறி முதல் மணிக்கு வந்து சேர முடியும். கணக்கில் அவள் கெட்டி. அவள் போட்டால் விடை சரியாக இருக்கும் என்பதால் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதற்குப் போட்டியே நடக்கும். ஆனால் அடிக்கடி லீவு. முதலில் மாதத்துக்கு இரண்டு நாள், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். லீவு லெட்டரில் எப்போதும் ஒரே காரணம், வயிற்று வலி. நாலாவது லெட்டரில், "வழக்கமான காரணம்!" என்று சிவப்பு மையில் எழுதி, ஆச்சரியக்குறியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஆச்சரியக்குறியில் எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து பதில்களை ஏற்றினேன். வட்டங்களை ஏற்றி முடித்துக் கடைசிப் பெட்டிக்கு வந்தேன். ஒன்பது பி-யின் முதல் தாளில் இப்படி எழுதியிருந்தது: ஒன்றுக்கு இடமும் நேரமும் பத்தவில்லை.

இரண்டாவது தாளிலும் அதே வரி. மூன்றாவதிலும். பத்தாவது தாள் வரும்போது எனக்கு ரத்தம் கொதித்தது. நாலைந்து பேரைத் தவிர வகுப்பு முழுக்க அதே வரியை எழுதியிருந்தது. மனசில் இருப்பதை எழுதச் சொன்னால் அதைக்கூடப் பார்த்து எழுதுகிற பிள்ளைகளை நான் எங்குமே கண்டதில்லை. இத்தனை வருட அனுபவத்தில் காப்பி அடித்த தாள்களை அடுக்கி வைத்து மூலத்தைக் கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை. மூலத்தில் அடித்தல் திருத்தல் இருக்கும், பார்த்து எழுதியவை சுத்தமாக இருக்கும். அப்படி ஒரு தாள் கிடைத்தது. அதில் முதலில் எழுதின ஒரு வார்த்தையைத் தாள் கிழிகிற அளவுக்கு அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒன்றுக்கு என்று எழுதியிருந்தது. கையெழுத்து யாருடையது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஜன்னலோரப் பிள்ளை.

அடித்த வார்த்தை என்னவென்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்த வரியின் அர்த்தம் எனக்குப் 'புரிந்து'விட்டது. ஒன்றுக்கு என்றால் ஒன்றாம் நம்பர் கேள்விக்கு. அதற்கு நான் விட்ட இரண்டு வரி இடம் போதவில்லையாம், எழுத நேரமும் போதவில்லையாம். பள்ளியில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டதற்குச் சொல்ல அவ்வளவு இருக்கிறது பிள்ளைகளிடம்! கோபம் போய் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு வரியில் பெரும்பாலானவர்கள் 'நன்றாகப் போகிறது' என்று அரை வரிக்குமேல் எழுதவில்லை என்பதும் என் கண்ணெதிரேதான் இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

மாவட்டக் கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். திரையில் பெரிய எழுத்தில், மனம் திறக்க இடம் கேட்கும் மாணவியர் என்று போட்டேன். பின்னணியில் ஒரு தாமரை. எங்கள் பிள்ளைகள் இடமும் நேரமும் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கப் போகிறோம், இரண்டு வரியை ஐந்து வரியாக்கப் போகிறோம் என்று உருக்கமாகச் சொன்னேன். கைதட்டினார்கள். டேட்டா பேசுகிறது என்றால் இதுதான் என்று ஓர் அதிகாரி மைக்கிலேயே சொன்னார். தலைமையாசிரியை கொண்டுவந்திருந்த பால்கோவாவில் முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நோட்டுத் திருத்தாமல் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு பெருமிதம்.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாவது சுற்று. சொன்னபடி ஒன்றாம் கேள்விக்கு ஐந்து வரி. எழுத முழுப் பீரியடும் கொடுத்தேன். அன்று ஜன்னலோரம் காலியாக இருந்தது. வழக்கமான காரணமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டாஃப் ரூமிலேயே தாள்களைப் புரட்டினேன். ஐந்து வரியும் வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது. கடைசிப் பெட்டியில் இந்தத் தடவையும் அதே வாக்கியம், ஒரு வார்த்தை மட்டும் கூடுதலாக. இன்னும் ஒன்றுக்கு இடமும் நேரமும் பத்தவில்லை.

நான் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒன்பது பி-க்குள் நுழைந்த வேகத்தில் பிள்ளைகள் வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டார்கள்.

"ஒங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது நன்றி இருக்கா? ரெண்டுதான் இருந்துச்சு, பத்தலன்னு சொன்னீங்க. ஒங்களுக்காக மீட்டிங்ல பேசி அஞ்சாக்கி வச்சேன். ஒருத்தியாவது அதத் தொட்டிருக்கிங்களாட்டி? இன்னும் எம்புட்டுதான் வேணும்?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை மெதுவாக எழுந்தாள்.

"டீச்சர், அஞ்சாக்கியாச்சா டீச்சர்? எந்தப் பக்கம் டீச்சர்?"

"எந்தப் பக்கமா? மொதப் பக்கந்தான். கண்ணு தெரியலையா?"

"மொதப் பக்கம் ஒடஞ்ச பெஞ்சுல்ல கெடக்கு, டீச்சர்."

"என்ன பெஞ்சு?"

"உள்ள, டீச்சர். ரெண்டு ரூமுல பெஞ்சு போட்டு அடச்சிருக்கு. மூனுல தாப்பா இல்ல. ஒன்னே ஒன்னுலதான் தாப்பா இருக்கு. எங்களுக்கு அஞ்செல்லாம் வேணாம், டீச்சர். இன்னும் ரெண்டுக்குத் தாப்பா போட்டாப் போதும்."

தாழ்ப்பாளா? படிவத்தில் தாழ்ப்பாள் எங்கிருந்து வந்தது என்று நான் கையிலிருந்த தாளையே பார்த்தேன். ஒன்றுக்கு இடமும் நேரமும் பத்தவில்லை. அந்த வரி என் கண் முன்னால் அப்படியே புரண்டு படுத்தது. இந்த வகுப்பில் இந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது என்று நான்தானே சட்டம் போட்டேன்? பிள்ளைகள் கூசாமல் எழுத வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

மாவட்டக் கூட்டமும் தாமரையும் பால்கோவாவும் வரிசையாக ஞாபகம் வந்தன. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் பழக்கம் விடவில்லை. வாய் தன் பாட்டுக்குக் கேட்டது.

"எல்லாரும் பாத்துத்தான எழுதுனீங்க?"

"ஆமா, டீச்சர்," என்றாள் அந்தப் பிள்ளை. "அவ எழுதுனது சரியா இருந்துச்சு. அதான் பாத்து எழுதுனோம்."

தப்பான விடையை யார்தான் பார்த்து எழுதுவார்கள்? இத்தனை வருடம் காப்பி பிடித்தவளுக்கு இது தோன்றியதே இல்லை.

"இன்னைக்கு அவ எங்க?"

பதில் ஜன்னலோரத்துக்குப் பக்கத்து இடத்திலிருந்து வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வீட்டுலதான் இருக்கா, டீச்சர். அவ காலையில கெளம்புனா வீடு போற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டா. அடக்கி அடக்கி உள்ள புண்ணாப் போச்சாம். அவிய அம்மா இனி பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டாவளாம்."

வயிற்று வலி என்று நாலு லெட்டர். ஆச்சரியக்குறியோடு என் சிவப்பு மை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது, வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. வயிற்று வலிக்காரி என்று வகுப்பில் வேறு இரண்டு தடவை கேலி செய்திருக்கிறேன். அவள் அப்போதும் தலையைக் குனிந்துகொண்டு கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இருந்தாலும் நான் கணக்கு டீச்சர். கேட்டதை நம்பாமல் செய்து பார்க்கிற ஆள். மறுநாள் காலை இரண்டாவது பீரியடில் ஒரு பெரிய டம்ளர் டீயும் ஒரு பாட்டில் தண்ணீரும் குடித்தேன். இன்டர்வல் மணி அடித்ததும், தலைமையாசிரியை அறைச் சுவரில் தொங்குகிற ஸ்டாஃப் பாத்ரூம் சாவியை எடுக்காமல், பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் போய் நின்றேன். பள்ளியே ஸ்தம்பித்துவிட்டது. "முன்னால போங்க டீச்சர்" என்று விலகினார்கள். வரிசைன்னா வரிசைதான் என்று வீராப்பாகச் சொன்னேன். தாழ்ப்பாள் இல்லாத கதவுகளை வெளியிலிருந்து ஒருத்தி இழுத்துப் பிடித்துக்கொள்ள, உள்ளே ஒருத்தி போய் வந்துகொண்டிருந்தாள். பிடிக்க ஆள் இல்லாதவர்கள் தாழ்ப்பாள் உள்ள அந்த ஒன்றுக்கு நின்றார்கள். பத்தாம் வகுப்புக்காரிகள் இடையில் புகுந்தார்கள். எனக்கு முன்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. அத்தனை பேரும் ஒரு சத்தமும் போடாமல் கலைந்து வகுப்புக்கு ஓடினார்கள். எனக்குப் பயந்துதான் ஓடினார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது.

சாவி இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்தேன். பிறகு, போட்ட சட்டம் போட்டவளுக்கும்தான் என்று ஒன்பது பி-க்குள் போனேன்.

அந்தப் பீரியடை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். முதல் பத்து நிமிடம் சமாளித்தேன். பிறகு கரும்பலகையில் எழுதுகிறபோது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். கூட்டலில் தப்பு வந்தது. அதை அழித்துவிட்டு எழுதியதில் இன்னொரு தப்பு வந்தது. எக்ஸின் மதிப்பு என்ன என்று நானே கேட்டுவிட்டு, என்ன கேட்டேன் என்பதை மறந்துவிட்டேன். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. இது என்ன நிலைமை என்று அவர்களுக்கா தெரியாது?

முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்தாள். "டீச்சர், நீங்க வேணும்னா போயிட்டு வாங்க, டீச்சர். நாங்க சத்தம் போடாம இருக்கோம்."

நான் போனேன். சாவியை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன் என்பதே உண்மை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நல்ல வழவழப்பான பித்தளைத் தாழ்ப்பாள் அது, செத்த நேரம் அழுதேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனை பிள்ளைகளை இப்படி உட்கார வைத்திருப்பேன். ஒருத்திக்கும் நான் போயிட்டு வா என்கிற இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. திரும்பி வந்தபோது வகுப்பு சொன்னபடியே சத்தமில்லாமல் இருந்தது.

தலைமையாசிரியையிடம் போனேன். "சர்வேல இப்படியொன்னு வரவேயில்லையே, டீச்சர்? நீங்கதான ரிப்போர்ட் குடுத்தீங்க?" என்றார்.

"வந்துச்சு, மேடம். நான்தான் தப்பா வாசிச்சுட்டேன்."

இப்படிச் சொன்னதுகூட எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், காய்ச்சல் எதுவும் இருக்கிறதா என்பதுபோல. ஆனால் நான் விடவில்லை. வாரக் கடைசிக்குள் உடைந்த பெஞ்சுகள் வெளியே போயின. ஆசாரி வந்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் அடித்தார். இன்டர்வலை இரண்டாகப் பிரித்து, கீழ் வகுப்புகளுக்கு ஒரு மணி, மேல் வகுப்புகளுக்கு ஒரு மணி என்று மாற்றினோம். அடுத்த சுற்றுப் படிவத்தைத் தமிழய்யாவிடம் கொடுத்து, நீங்களே எழுதிடுங்க ஐயா என்றேன். ஒன்றை வட்டமிடுக என்று எழுதினார். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

சனிக்கிழமை வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து பிளவக்கல் போகிற மினி பஸ்ஸில் அந்தப் பிள்ளையின் ஊரில் இறங்கினேன். அவள் அம்மா மாந்தோப்பு வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். நாற்காலி போட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். நான் யாரென்று சொன்னதும் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். அந்த நாலாவது லீவு லெட்டர்.

"இத எழுதுனது நீங்கதானா, டீச்சர்? வழக்கமான காரணம்னு போட்டிருக்காம். அப்படின்னா என்ன? மவகிட்ட கேட்டா சொல்ல மாட்டேங்கா. வேற யார்கிட்ட கேக்கன்னு எனக்கும் தெரியல."

பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். நான் ஏதாவது நாசூக்காகச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மக பொய் சொல்றான்னு அர்த்தம்மா. அவ பொய் சொல்லல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அந்த அம்மா லெட்டரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. தாழ்ப்பாள் போட்டதையும் மணியைப் பிரித்ததையும் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை கணக்கில் எவ்வளவு கெட்டி, நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம் என்று நான் ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"தினமும் பாட்டில் நெறையத் தண்ணி குடுத்து விடுதேன், டீச்சர். சாயங்காலம் நெறஞ்சபடி அப்படியே திரும்பி வருது. எத்தன மாசமா வந்துச்சோ, நானும் கவனிக்கல. படிப்பெல்லாம் பொறவு. பிள்ளய ஒன்னுக்கு விடுவீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"விடுவேன்மா."

"எப்ப கேட்டாலும்?"

"எப்ப கேட்டாலும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பாப்போம்," என்றார்.

திங்கட்கிழமை ஜன்னலோரம் காலியாக இருந்தது. செவ்வாயும் காலி. என் பேச்சை அந்த அம்மா நம்பவில்லை என்று நினைத்தேன். நம்புவதற்கு நான் என்ன செய்துவிட்டேன்? என் பீரியடுக்கான வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போடக் கை வரவில்லை. பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் போட்டேன்.

புதன்கிழமை மூன்றாவது பீரியடுக்குள் நுழைந்தபோது அவள் இருந்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதியிருப்பேன், பின்னால் ஒரு மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல், பாட்டிலில் பாதி இறங்குகிற வரைக்கும் குடித்தாள். வகுப்பு மொத்தமும் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது. குடித்து முடித்து மூடியைத் திருகி வைத்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். நான் மறுபடியும் பலகைப் பக்கம் திரும்பி எழுதினேன். என்ன எழுதினேனோ தெரியாது.

பீரியட் முடிய இன்னும் கால் மணி இருக்கும்போது அவள் கையை உயர்த்தினாள். ஒற்றை விரல்.

"போ," என்றேன். அவள் எழுந்து பழக்கத்தில் ஓடப் போனாள். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டேன். பயந்துபோய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா வா," என்றேன்.